மோட்டார் சைக்கிளில் அப்படி என்ன இருக்கிறது?

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்

சென்ற பருவத்தில் ஒரு நாள் ஒளியியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வெளியே சாலையில் எவனோ ஒருவன் சைலன்சரை மாற்றிய வண்டியை முறுக்கிக்கொண்டு போனான். சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. குறுக்கீட்டு விளைவை விளக்கிக்கொண்டிருந்த எங்கள் பேராசிரியர் சாக்பீசை மேசைமேல் வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "மோட்டார் சைக்கிளில் அப்படி என்னப்பா இருக்கிறது? சோறு தண்ணி வேண்டாம், அது ஒன்று போதும் என்கிறீர்களே. யாராவது ஒருவன் எழுந்து சொல்லுங்கள், கேட்கிறேன்" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போல்தான் கேட்டார். வகுப்பே சிரித்தது. நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். எனக்குப் பதில் தெரியும் என்று தோன்றியது. ஆனால் நாக்கு எழவில்லை. வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கூட இல்லாத குடும்பத்திலிருந்து வந்தவனுக்கு, நாற்பது பேர் நடுவே எழுந்து கருத்துச் சொல்வது அவ்வளவு எளிதன்று. ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது, அந்தப் பதிலை எழுதிவிடலாம் என்று துணிந்தேன். பேராசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும். பதில் சற்று நீளம்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் மோட்டார் சைக்கிள் இல்லை. ஆனால் என் தாய்மாமன் பக்கத்து நகரத்தில் ஒரு சிறிய டூவீலர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். பிளஸ் ஒன் படித்த காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கேதான் எனக்கு வேலை. முதலில் பெட்ரோலில் செயின் கழுவினேன். பிறகு பஞ்சர், பிறகு கிளட்ச் கேபிள். இப்போது கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டும் அளவுக்கு மாமா நம்புகிறார். சரி செய்த வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? அந்த 'டிரையல்' ஓட்டம்தான் என் அனுபவம் முழுவதும். எனவே நான் ஓட்டியவை எல்லாம் அடுத்தவர் வண்டிகள். ஆசைப்பட்டவன் எழுதுவதால் கொஞ்சம் மிகையிருக்கலாம்; கழித்துக்கொண்டு படியுங்கள்.

இயற்பியல் மாணவன் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நிற்கும்போது விழுந்துவிடும் ஒரு பொருள், ஓடும்போது விழுவதில்லை. இதைவிட வேடிக்கை வேறென்ன இருக்கிறது? சுழலும் சக்கரத்தின் கோண உந்தமே வண்டியை நிமிர்த்தி வைக்கிறது என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆனால் 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேயர், சக்கரத்தின் சுழல்விளைவை ரத்துச் செய்ய எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி ஒரு சைக்கிளைச் செய்தார்; அதையும் ஓட்ட முடிந்தது. 2011-இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து, சுழல்விளைவும் இல்லாத, முன்சக்கரம் பின்னிழுபடும் தன்மையும் இல்லாத ஒரு சிறு வண்டியைச் செய்து தள்ளிவிட்டார்கள். அது ஆளில்லாமல் தானே நிமிர்ந்து ஓடியது. இதுதான் காரணம் என்று ஒற்றைக் காரணத்தைச் சுட்டிவிட முடியாத பொருள் அது. நம் ஊரில் பால்காரர் கேனோடு அதன்மேல் ஏறி அன்றாடம் போய் வருகிறார்.

இன்னொன்று. வேகமாகப் போகும் மோட்டார் சைக்கிளை இடப்பக்கம் திருப்ப வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? கைப்பிடியை இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்பீர்கள். இல்லை. இடக் கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ள வேண்டும். முன்சக்கரம் கணநேரம் வலப்பக்கம் விலகும். வண்டி இடப்பக்கம் சாயும். சாய்ந்த பிறகு திரும்பும். ஓட்டுகிறவர்கள் எல்லாரும் இதைச் செய்கிறார்கள்; கேட்டால் இல்லை என்று சாதிப்பார்கள். விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர் இதைக் கண்டு சொல்லியிருக்கிறார். உடம்புக்குத் தெரிந்து அறிவுக்குத் தெரியாத ஒன்றை நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறோம் என்று அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மறுநாள் டிரையல் ஓட்டத்தில் வேண்டுமென்றே செய்து பார்த்தேன். உண்மைதான்.

சாய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 10 மீட்டரில் சென்றால், வண்டி ஏறக்குறைய 27 பாகை சாய்ந்தாக வேண்டும். வேகத்தின் இருமடியை ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும், முதலாண்டுப் பாடம். தேர்வில் அந்தக் கணக்குக்கு ஐந்து மதிப்பெண். ஆனால் எங்கள் ஏரிக்கரை வளைவில் அதே கணக்கை இடுப்பாலும் முழங்காலாலும் போட்டுப் பார்த்தால் கிடைப்பது வேறு. காரில் போகிறவனை வளைவு ஓரமாகத் தள்ளுகிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவனை அது இருக்கையோடு சேர்த்து அழுத்துகிறது. எந்தப் பக்கமும் தள்ளுவதில்லை. அந்த இரண்டு மூன்று விநாடிகளில் உடம்பும் வண்டியும் சாலையும் ஒரே பொருளாகிவிடுகின்றன. ஐயா கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் விடை வேண்டுமென்றால், 'சாய்வு' என்று சொல்வேன். வேகம் என்று சொல்ல மாட்டேன்.

1885-இல் ஜெர்மனியில் கோட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் செய்த வண்டியைத்தான் பெட்ரோலில் ஓடிய முதல் மோட்டார் சைக்கிள் என்பார்கள். மரச்சட்டம், அரைக் குதிரைத் திறன், மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் பெரிது. அது விழுந்துவிடக் கூடாதென்று இரண்டு பக்கமும் சிறு சக்கரங்கள் வைத்திருந்தார்கள், குழந்தைகளின் சைக்கிளில் வைப்பதுபோல. ஆகவே முதல் மோட்டார் சைக்கிளால் சாய முடியாது. பாவம், பாதி இன்பத்தை அவர்கள் அறியவே இல்லை.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1950-களில் எல்லைக் காவலுக்காக இராணுவம் 350 சி.சி. புல்லட்டுகளை வாங்க முடிவு செய்தது. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் உருவாகிக்கொண்டே இருந்தது. 1977-இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது. வெள்ளைக்காரனுக்கு அவன் வண்டியையே நம் ஊர்த் தொழிலாளி செய்து விற்றான் என்பதில் எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம் உண்டு.

ஆனால் புல்லட் எங்கள் பக்கத்து வண்டி அன்று. அது இன்ஸ்பெக்டர் வண்டி, பண்ணையார் வண்டி. எங்களுக்கு வாய்த்தது 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50-உம் அதன் பின்வந்தவைகளும். என் அப்பா கொத்தனார். அவருடைய எக்ஸ்.எல். வண்டியில் முன்னால் கரணையும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்த சிமெண்டுப் பை, பக்கவாட்டில் கட்டிய மட்டப்பலகை, பின்னால் அம்மா, சில நாள் அம்மா மடியில் அரிசி மூட்டை. அதை மோட்டார் சைக்கிள் என்று யாரும் சொல்வதில்லை. 'வண்டி' என்போம், மாட்டு வண்டியைச் சொன்னதுபோல. "என்னுது வண்டி, நீ கேக்கறது ஆச" என்று அப்பா ஒரு வரியில் வேறுபாட்டைச் சொல்லிவிட்டார். நான் இப்போது எழுதும் கட்டுரையைவிட அது தெளிவானது.

அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன்.

எங்கள் வீடு ஒற்றை அறையும் தாழ்வாரமும். அதில் ஐந்து பேர். பாட்டி இருமுவாள், தங்கை சத்தம் போட்டுப் படிப்பாள், தொலைக்காட்சி ஓடும், யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். இது குறையன்று, அன்பான வீடுதான். ஆனால் இருபது ஆண்டுகளில் நான் தனியாக ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததே இல்லை. கல்லூரியிலும் நூற்றுக்கணக்கானோர் நடுவில்தான். முதன்முறை மாமா ஒரு வண்டியைக் கொடுத்துத் தலைக்கவசத்தையும் கையில் திணித்து, "புறவழிச்சாலை வரைக்கும் போயிட்டு வா மாப்ள, நாப்பதுக்கு மேல போகாத" என்று அனுப்பினார். கவசத்தின் கண்ணாடியை இறக்கியதும் உலகத்தின் சத்தம் குறைந்து, என் மூச்சு எனக்கே கேட்டது. அதுதான் எனக்குக் கிடைத்த முதல் தனி அறை. அதற்கு வாடகை இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: உள்ளே இருக்கும்வரை வேறெதையும் நினைக்கக் கூடாது. மாடு குறுக்கே வருமா, மணல் கிடக்கிறதா, முன்னால் போகும் பேருந்து நிற்கப் போகிறதா என்று மட்டுமே மனம் ஓடும். கல்விக் கட்டணம், அரியர், அப்பாவின் முட்டிவலி எதுவும் உள்ளே வராது. படிக்கும்போது எனக்கு வாய்க்காத மன ஒருமை அங்கே தானாக வாய்த்தது. பேராசிரியர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், ஆனால் உண்மை.

பேருந்தில் போனாலும் அதே ஏரிக்கரைதான், அதே புளியமரங்கள்தான். இருந்தாலும் விடியற்காலையில் வண்டியில் ஏரிக்கரையை விட்டுப் பள்ளத்தில் இறங்கும்போது, சட்டென்று ஒரு குளிர் முகத்தில் அறைகிறதே, அது பேருந்தில் தெரியாது. இரவில் குளிர்ந்த காற்று கனமானது. தாழ்வான இடத்தில் போய்த் தேங்கி நிற்கும். அதற்குள் மூழ்கி எழுந்து மேட்டுக்கு வந்தால் மறுபடியும் வெதுவெதுப்பு. சூளை எரிகிற இடம், நெல் அவிக்கிற இடம், எருமைக் கொட்டகை ஒவ்வொன்றுக்கும் எல்லை இருக்கிறது, மூக்குதான் வரைபடம். பன்னிரண்டு ஆண்டுகள் பேருந்தில் போய் வந்த சாலையை நான் ஒரே காலையில்தான் அறிந்துகொண்டேன்.

இனிச் சொல்லப்போவதை எழுதலாமா என்று தயங்கினேன். மலர்க்குழுவிலுள்ள நண்பன் எழுது என்றான்.

நாங்கள் இருப்பது காலனியில். பேருந்து நிறுத்தம் ஊர்த்தெருவைத் தாண்டி இருக்கிறது. என் தாத்தா கல்லுடைத்துச் சேர்த்த காசில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கேரியரில் செருகி, தெரு முடியும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடப்பாராம். மறுமுனையில் ஏறிக்கொள்வார். அதைச் சொல்லும்போது பாட்டிக்குக் கோபம் வராது. மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொல்வாள். அப்பா காலத்திலேயே அந்த வழக்கம் எங்கள் ஊரில் நின்றுவிட்டது, அப்பா எக்ஸ்.எல்.லில் உட்கார்ந்தபடிதான் போகிறார், வருகிறார். ஆனால் 2025 பிப்ரவரியில் தென்மாவட்டம் ஒன்றில், பட்டியல் சமூகக் கல்லூரி மாணவன் ஒருவனின் கைகளை வெட்டினார்கள். அவன் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று அவன் வீட்டார் கூறியதாகப் பத்திரிகைகளில் வந்தது. அன்று மாமா கடையில் அந்தச் செய்தியை வாசித்துவிட்டு யாரும் பேசவில்லை. மாமா ரெஞ்சைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார்.

வண்டியை ஓட்டுகிறவன் கால்மேல் கால் போடவில்லை, யாரையும் ஏசவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். அந்த நிமிர்வு ஒருவனுக்குக் கண்ணை உறுத்துகிறது என்றால், அந்த நிமிர்வில் ஏதோ பொருள் இருக்கத்தான் வேண்டும். "பையன்களுக்குத் திமிர்" என்று எல்லாரும் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எங்களைப் போன்ற சிலருக்கு அது திமிர் இல்லை ஐயா. ஊர்த்தெருவில் இறங்காமல் போவது.

இதைச் சொன்னதால் எல்லாருடைய ஆட்டத்துக்கும் நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சைலன்சரை மாற்றி ஊரைக் கூட்டுகிறவனும், முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கைப்பேசிக்குப் படம் பிடிக்கிறவனும் மோட்டார் சைக்கிளை நேசிக்கிறார்கள் என்று நான் ஒப்பமாட்டேன். அவர்களுக்கு வேண்டியது பார்வையாளர்கள். ஆளில்லாத சாலையில் அவர்கள் அப்படி ஓட்டுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வருபவை பழுதான வண்டிகள் மட்டுமல்ல, அடிபட்ட வண்டிகளும்தான். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் 100 சி.சி. வண்டி ஒன்று குட்டியானையில் ஏற்றப்பட்டு வந்தது. முன் ஃபோர்க் வளைந்திருந்தது, டேங்க் நசுங்கியிருந்தது. மற்றபடி புதிது போல இருந்தது. ஓட்டியவனுக்குப் பத்தொன்பது வயது. தலைக்கவசம் இருந்திருக்கிறது, தலையில் இல்லை, கைப்பிடியில் தொங்கியிருக்கிறது. அவனுடைய தகப்பனார் இரண்டு மாதம் கழித்து வந்தார். விற்றுவிடச் சொன்னார். நாங்கள் ஃபோர்க்கை மாற்றியிருந்தோம். கிளம்பும்போது திரும்பி வந்து, "ஓடுதா?" என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் உதைத்துக் கிளப்பினேன். ஒரு நிமிடம் இருக்கும். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை அசைத்து அணைக்கச் சொல்லிவிட்டுப் போனார். கல்லூரியில் யாராவது இருவர் பந்தயம் கட்டிக்கொண்டு கிளம்பும்போது எனக்கு அந்த ஒரு நிமிடச் சத்தம் கேட்கும்.

மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறக்குறைய 75 ஆயிரம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50 ஆயிரத்துக்கு மேல். நம் நாட்டில் பதிவான வண்டிகளில் முக்கால் பங்கு இருசக்கரம் என்பதால் எண்ணிக்கை அதிகம் என்று சமாதானம் சொல்லலாம். 50 ஆயிரத்துக்கு என்ன சமாதானம்?

'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர்பெற்ற டி. இ. லாரன்ஸை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். அவருக்கு மோட்டார் சைக்கிள்மேல் தீராத காதல். 1935 மே மாதம், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்து, விழுந்து, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். அந்தச் சாவு அவரை விடவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அந்த ஆண்டே பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. நாம் கைப்பிடியில் தொங்கவிடுகிறோமே, அதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது.

வேகத்தைப் பற்றிய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பெஞ்சுக்காரன் கணக்கு என்று தள்ளிவிட வேண்டாம். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் 0.7 என்று கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க 9 மீட்டர். 80-இல் பிடித்தால் 18 மீட்டர் அன்று, 36 மீட்டர். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம் அல்லவா? கண் பார்த்துக் கை பிடிக்க ஒரு விநாடி ஆகும் என்று சேர்த்தால் முதலாவது 20 மீட்டர், இரண்டாவது 58 மீட்டர். நம் கல்லூரி வாயிலிலிருந்து எதிரே இருக்கும் டீக்கடை 20 மீட்டருக்குள் இருக்கிறது. வேறு என்ன சொல்ல?

சாய்வின் இன்பத்துக்கு 80 வேண்டியதில்லை. ஏரிக்கரை வளைவுக்கு 36 போதும். இதை விளம்பரக்காரர்கள் சொல்லமாட்டார்கள். அவர்கள் படத்தில் காட்டும் சாலையில் மாடு இல்லை, வேகத்தடை இல்லை, எதிரே டவுன் பஸ் இல்லை. மாதத் தவணையும் அதில் தெரியாது. என் வகுப்புத் தோழன் ஒருவன் இரவில் வேலைக்குப் போய்த் தவணை கட்டுகிறான். பகலில் வகுப்பில் தூங்குகிறான். கல்லூரிக்கு வருவதற்காக வண்டி வாங்கினான்; இப்போது வண்டிக்காகக் கல்லூரியை விட்டுவிடுவான் போலிருக்கிறது. கடன் கொடுத்தவர்களை ஏசிப் பயனில்லை. ஆனாலும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு முன்பணம் இல்லாமல் வண்டியைத் தள்ளிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பேராசிரியப் பெருமக்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஊருக்கு மாலையில் இரண்டே பேருந்து. ஆய்வகம் முடிந்து குறிப்பேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடினால் முதலாவது போய்விட்டிருக்கும். அடுத்தது எட்டரைக்கு, அதுவும் வந்தால். நகரத்தில் குடியிருப்பவர்களுக்கு 'மோகம்' என்று தெரிவதில் பாதி, எங்களுக்கு எட்டரை மணிப் பேருந்து. நூலகம் மூடும்வரை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். 2021 முதல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை, நல்ல காரியம். ஏறுவதற்குப் பேருந்து வர வேண்டும் அல்லவா?

பெண்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. இக்கட்டுரையைப் படித்துப் பார்த்த வகுப்புத் தோழி ஒருத்தி, "எல்லாம் பையன்கள் கதையாகவே இருக்கிறது. எனக்குக் கதவைச் சாத்த அறை வேண்டாமா?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. அவளும் ஓட்டுவாள், அண்ணன் வெளியூர் போயிருக்கும்போது மட்டும், தெருமுனை வரை மட்டும். மோட்டார் வாகன விதிகளில், பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் காலடியும், ஆடை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத மறைப்பும் வேண்டும் என்று இருக்கிறது. சேலை கட்டி ஒருபக்கமாக உட்காரும் என் அம்மாவுக்கு அது காவல். ஆனால் அம்மாவும் தங்கையும் என்றைக்கும் பின்னால்தான் உட்காருவார்கள் என்று நானும் இதுவரை கேள்வியில்லாமல் நினைத்திருந்தேன் என்பதைத் தோழி கேட்ட பிறகே உணர்ந்தேன். தங்கைக்கு அடுத்த ஆண்டு பதினெட்டு. கற்றுக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். பாட்டிதான் முதலில் சரி என்றாள்.

அந்த 100 சி.சி. வண்டியை இன்னும் மாமா விற்கவில்லை. வந்து பார்க்கிறவர்கள் அதன் கதை தெரிந்ததும் போய்விடுகிறார்கள். சகுனம் பார்க்கிறார்கள். "இருபத்திரெண்டாயிரம் மாப்ள. உனக்குன்னா தவணையில குடு, வட்டி இல்ல" என்றார் மாமா. ஞாயிற்றுக்கிழமைச் சம்பளத்தில் 11,000 சேர்த்திருக்கிறேன். சகுனத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை அதைத் துடைக்கும்போதும் அந்தத் தகப்பனார் வாசலில் நிற்பதுபோல் இருக்கும். அதை ஓட்டினால் அவருக்கு ஏதோ ஒரு கடன் பட்டவனாக ஓட்ட வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. ஒருவேளை எல்லாரும் அப்படி ஓர் ஆளை வாசலில் நிறுத்திக்கொண்டு ஓட்டினால் நல்லதோ என்னவோ.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை அப்பா கடைக்கு வந்தார். வேலை முடிந்து நேரே வந்திருந்தார், கையில் சிமெண்டு. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சுவர் தூக்கு சரியா என்று பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் நேர் பார்த்தார். டேங்கில் நசுங்கல் எடுத்த இடத்தைத் தடவினார். விலையைக் கேட்கவில்லை, வேகத்தைக் கேட்கவில்லை. "பிரேக் எப்படிடா?" என்றார்.

நான் பின்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஷூ இரண்டையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். விளக்கடிக்குப் போய் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.